செருப்பு ஆர்க்கிட் நாற்று அழுகுகிறதே, எங்கே தவறு?

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்டத்தோடு சேர்த்து ஆறு வருடமாக நிழல்வலைக்குள் டென்ட்ரோபியம் ஆர்க்கிட் வளர்க்கிறேன். இந்த ஆண்டு முதல்முறையாக ஸ்லிப்பர் ஆர்க்கிட், அதாவது செருப்பு ஆர்க்கிட் நாற்று, ஆய்வகத்தில் வளர்த்துக் கண்ணாடிக் குடுவையோடு விற்பது, ஒரு குடுவை வாங்கினேன். 'மௌடியே' வகை என்று சீட்டு ஒட்டியிருந்தது, 25 நாற்று. டென்ட்ரோபியத்துக்குச் செய்வதுபோலவே தனித்தனித் தொட்டியில் தேங்காய் மட்டைத் துண்டு போட்டு நட்டு, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன். ஒரு மாதத்துக்குள் 11 நாற்று நடுக்குருத்து பழுப்பாகிச் சாய்ந்துவிட்டன. பூஞ்சாண மருந்தான கார்பென்டாசிம் இரண்டு முறை தெளித்தும் நிற்கவில்லை. மீதி 14-ஐக் காப்பாற்ற என்ன செய்வது? பாபநாசம் பக்கத்து நண்பர் ஒருவர், மலையில் இருக்கும் மஞ்சள் செருப்பு ஆர்க்கிட்டைக் கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? இந்தப் பூவுக்கு விற்பனை எப்படி?

பதில்: வருத்தப்படாதீர்கள், உங்கள் ஆறு வருட டென்ட்ரோபியம் அனுபவம்தான் இந்த 11 நாற்றையும் கொன்றிருக்கிறது. டென்ட்ரோபியத்துக்குக் கரும்புபோல் தண்டு இருக்கிறது. அதில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். வேர் தடிமனாக, வெள்ளைப் பஞ்சு உறையோடு காற்றில் தொங்கும். நனைந்தாலும் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். செருப்பு ஆர்க்கிட்டுக்கு அப்படிச் சேமிக்கும் தண்டே கிடையாது. விசிறிபோல் நான்கைந்து இலை, அடியில் பழுப்பு நிறத்தில் ரோமம் படர்ந்த சில வேர்கள், அவ்வளவுதான். பெரும்பாலான இனங்கள் காட்டுத் தரையில், இலைச் சருகுக்குள்ளும் பாறை இடுக்குப் பாசியிலும் வாழ்பவை. அங்கே ஈரம் எப்போதும் இருக்கும், தண்ணீர் ஒருபோதும் தேங்காது.

"இதைக் காயவிடக் கூடாது" என்று படித்தவுடன் எல்லோரும் வாளியைத் தூக்கிவிடுகிறோம். காயவிடக் கூடாது என்பது சரி. ஆனால் வேருக்கு ஈரம் வேண்டிய அளவு காற்றும் வேண்டும். அதைவிட முக்கியம் குருத்து. இலைகள் ஒன்றோடொன்று கவ்வியிருக்கும் இடம் சின்னக் கிண்ணம்போல. அதில் மாலையில் விழுந்த தண்ணீர் ஏற்காட்டு மூடுபனியில் விடியும்வரை அப்படியே நிற்கும். அழுகலுக்கு அது போதும். உங்கள் நாற்றைக் கொன்றது அந்த மாலை வேளைத் தண்ணீர்தான் என்று நினைக்கிறேன்.

கார்பென்டாசிம் ஏன் கேட்கவில்லை என்றால், இப்படிக் குருத்தைப் பிடிக்கும் அழுகல் பெரும்பாலும் பாக்டீரியாவால் வரும், அல்லது பித்தியம், பைட்டோப்தோரா என்ற, ஈரத்தில் பரவும் பூஞ்சாணம் போன்ற நுண்ணுயிர்களால் வரும். இந்த மூன்றுக்கும் கார்பென்டாசிம் மருந்தே அல்ல. நம் ஊர்க் கடைகளில் எதற்கெடுத்தாலும் அதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். இனி அதைத் தெளிக்க வேண்டாம். தெளிக்கிற தண்ணீரே குருத்தில் நின்று இன்னும் கெடுக்கும்.

இன்றே 14 நாற்றையும் தொட்டியிலிருந்து எடுத்துப் பாருங்கள். வேரைப் பிடித்து இழுக்காதீர்கள், முருங்கைக் குச்சிபோல் ஒடியும். இலையைத் தொட்டால் கொழகொழவென்று நீர் கசிந்து நாற்றம் வந்தால் அது பாக்டீரியா. குருத்துவரை போயிருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஒரு நாற்றுக்கு ஆசைப்பட்டு மீதியை இழக்க வேண்டாம். வெளி இலை ஒன்றில் மட்டும் இருந்தால், கத்தரியை நெருப்பில் காட்டி, நல்ல பச்சைப் பகுதியில் அரை சென்டிமீட்டர் உள்ளே தள்ளி வெட்டி, வெட்டுவாயில் சமையலறை லவங்கப்பட்டைத் தூளைத் தடவுங்கள். வெட்டுவாயில் மட்டும்தான். வேரில் பட்டால் வேரையும் உலர்த்திவிடும்.

அப்புறம், தனித்தனித் தொட்டி வேண்டாம். இத்தனை சின்ன நாற்றுக்குத் தனித் தொட்டி வைத்தால் ஒன்றா சீக்கிரம் காயும், இல்லையென்றால் சொதசொதவென்று இருக்கும். 10 சென்டிமீட்டர் தொட்டி ஒன்றில் ஏழெட்டு நாற்றை நெருக்கமாக நடுங்கள், நாற்றங்கால்போல. உங்களுக்கு இரண்டு தொட்டி போதும். சேர்ந்து நட்டால் நன்றாக வளரும் என்று ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் சொல்வார்கள். ஈரம் சீராக நிற்பதுதான் காரணம் என்பது என் எண்ணம். இலை விரிப்பு ஆறேழு சென்டிமீட்டர் வரும்வரை, அதாவது ஏறக்குறைய ஒரு வருடம், பிரிக்காதீர்கள்.

நடும் கலவைக்குப் பைன் மரப்பட்டை மூன்று பங்கு, மரக்கரி ஒரு பங்கு, பெர்லைட் என்ற எடையில்லாத வெள்ளைக் கல்பொரி ஒரு பங்கு. எல்லாம் மிளகு அளவு முதல் கொண்டைக்கடலை அளவுக்குள் இருக்க வேண்டும். தூளைச் சல்லடையில் சலித்துக் கொட்டிவிடுங்கள். தூள்தான் அடியில் இறங்கிக் காற்றை அடைக்கும். பைன் பட்டை கிடைக்காவிட்டால் தேங்காய் மட்டைத் துண்டே போதும், ஆனால் அதே அளவுக்குச் சின்னதாக நறுக்க வேண்டும். நாலைந்து நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்துக் கழுவ வேண்டும். மட்டையில் உப்பு இருக்கும். டென்ட்ரோபியம் அதைத் தாங்கும், இந்த நாற்று தாங்காது. இலை நுனி கருகுவதில் தொடங்கும். சில இனங்கள் சுண்ணாம்புப் பாறையில் வளர்வதால் முட்டை ஓடு, கிளிஞ்சல் போடச் சொல்வார்கள். உங்கள் வகைக்கு அது தேவையில்லை.

தண்ணீர் காலையில் மட்டும். குருத்தில் படாமல் தொட்டி ஓரமாக ஊற்றி, அடியில் வழியவிடுங்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேட்காதீர்கள், மழைக்கும் வெயிலுக்கும் அது மாறும். துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி தொட்டிக் கலவைக்குள் செருகி வையுங்கள். காலையில் உருவிக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் இன்று வேண்டாம். லேசாகத்தான் தெரிகிறது என்றால் ஊற்றுங்கள். முற்றிலும் காய்ந்திருந்தால் ஒரு நாள் தாமதித்துவிட்டீர்கள். மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுவது உத்தமம். ஆழ்துளைக் கிணற்று நீர் என்றால் அதில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் பாருங்கள். 150 பிபிஎம்-ஐத் தாண்டினால் மழைநீர் கலந்துகொள்ளுங்கள்.

எடுத்து மறுபடி நடும்போது வேர் கொஞ்சம் போயிருக்கும் என்பதால் முதல் இரண்டு வாரம் தொட்டியை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, மூடியை ஒரு விரல் இடைவெளி விட்டு மூடுங்கள். பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறங்கள். முழுக்கத் திறந்த பிறகு காற்றோட்டம் மிக முக்கியம். இலை மெல்ல அசைகிற அளவுக்கு ஒரு சின்ன மின்விசிறி, பனி இறங்கும் இரவுகளில்கூட ஓடட்டும். மருந்துக் கடைக்குக் கொடுக்கிற காசை இதற்குக் கொடுங்கள்.

வெளிச்சத்திலும் டென்ட்ரோபியம் கணக்கு உதவாது. அதற்குக் கட்டும் 50 சதவீத நிழல்வலையின் வெளிச்சம் இந்த நாற்றைச் சுட்டுவிடும். 75 சதவீத வலைக்குக் கீழே இன்னொரு 50 சதவீத வலை கட்டி, அதிலும் நண்பகல் வெயில் நேரே விழாத மூலையில் வையுங்கள். நாற்றுக்கு மேல் ஓர் அடி உயரத்தில் கையைப் பிடித்தால் நிழல் மங்கலாக, விளிம்பு தெரியாமல் விழ வேண்டும். மௌடியே வகை இலையில் புள்ளிக்கோலம் இருக்கும், வெதுவெதுப்பை விரும்பும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் 15 டிகிரிக்குக் கீழே போகும்போது வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள். வளர்ந்த செடி தாங்கும், நாற்றின் வளர்ச்சி நின்றுவிடும்.

உரம் இப்போது வேண்டாம். புது வேர் தெரிந்ததும் தழை, மணி, சாம்பல் சத்து சமமாக உள்ள 19:19:19 உரத்தை 10 லிட்டர் தண்ணீருக்கு இரண்டரை கிராம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. நடுவில் வெறும் தண்ணீர். வருடம் ஒருமுறை கலவையை மாற்றுங்கள்.

அடுத்த குடுவை வாங்கும்போது ஒன்று நினைவில் வையுங்கள். குடுவைக்குள் நாற்று வளரும் கூழான அகாரில் சர்க்கரை இருக்கும். வேரில் ஒட்டியிருந்தால் பூஞ்சாணத்துக்கு விருந்து. வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, அது தானாகக் கழன்று விழும்வரை பொறுமையாக இருங்கள். என் முதல் குடுவையில் அவசரப்பட்டு விரலால் தேய்த்துக் கழுவினேன். பாதி வேர் என் விரலிலேயே வந்துவிட்டது.

சரி, மலையிலிருந்து வரும் மஞ்சள் பூ. அது அகத்தியமலையில் மட்டும் இருக்கும் இனம், பாஃபியோபெடிலம் ட்ரூரியை. 1865-ல் கர்னல் ட்ரூரி கண்டெடுத்ததால் அந்தப் பெயர். மஞ்சள் இதழ் நடுவில் கருஞ்சிவப்புக் கோடு ஓடும். அழகுதான், அதனால்தான் ஆளுக்கு ஆள் பிடுங்கி, போதாததற்குக் காட்டுத்தீயும் சேர்ந்து, காட்டில் அழிந்தேவிட்டது என்று நினைக்கும் நிலைக்கு வந்தது. வாங்காதீர்கள், நண்பரையும் தடுத்துவிடுங்கள். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991-ல் செடிகளையும் சேர்த்தபோது, செருப்பு ஆர்க்கிட் பேரினம் முழுவதுமே பட்டியலில் வந்தது. காட்டில் பிடுங்குவது குற்றம்; பட்டியல் செடியை வளர்ப்பதற்கும் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் உரிமம் தேவை. உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்திலும் இது மிகக் கடுமையான முதல் பட்டியல். ஆகவே உங்கள் குடுவைக்கான ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, மாவட்ட வன அலுவலகத்தில் எழுத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். ஏற்காட்டிலேயே இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. அங்கே ஒருமுறை போய்ச் செடிகளைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

விற்பனை பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன்: டென்ட்ரோபியத்தை விட்டுவிட்டு இதற்கு வராதீர்கள். உங்கள் வகையில் ஒரு காம்புக்கு ஒரு பூ. குடுவையிலிருந்து முதல் பூவுக்கு மூன்று, நான்கு வருடம் ஆகும். டென்ட்ரோபியத்தைத் திசு வளர்ப்பில் ஒரே அச்சாக ஆயிரக்கணக்கில் பெருக்கலாம். செருப்பு ஆர்க்கிட் அதற்கு எளிதில் மசிவதில்லை. அதனால் இன்றும் பெரும்பாலும் விதையிலிருந்துதான் நாற்று. உங்கள் 14-ம் 14 விதமாகப் பூக்கலாம். வியாபாரிக்கு அது தலைவலி, வளர்ப்பவருக்கு அதுவே சுவாரசியம். செடியிலேயே பூ ஒரு மாதத்துக்கு மேல் நிற்கும் என்பதால், உரிமம் கைக்கு வந்த பிறகு தொட்டிச் செடியாகக் கொடுப்பதுதான் உங்களுக்குக் கட்டுப்படியாகும். கூட்டத்தில் நல்ல பூ வந்த ஒன்றிரண்டை மட்டும் விற்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அழுகிய நாற்று இருந்த மட்டைத் துண்டுகளை டென்ட்ரோபியத்துக்குத் திருப்பிப் போட்டுவிடாதீர்கள். காபி நிழல் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றியிருப்பீர்கள், அதன் அடியிலும் கொட்ட வேண்டாம். மிளகு வாடலும் இதே பைட்டோப்தோரா குடும்பத்துச் சமாச்சாரம்தான். வெயிலில் காயவைத்து எரித்துவிடுங்கள்.