போடாமலே வைத்திருந்த ஷூவின் அடிப்பாகம் உதிர்ந்துபோவது ஏன்?

நாலைந்து தடவைதான் போட்டிருக்கிறீர்கள், டப்பாவில் பத்திரமாக வைத்தும் சோல் உதிர்ந்துவிட்டது என்கிறீர்கள். கடைக்காரர் போலிச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டாரா என்பது உங்கள் சந்தேகம். அப்படி இருக்க வேண்டியதில்லை.

காரைக்குடியில் செருப்புக் கடை வைத்திருக்கிறேன். எங்களுக்கு இது வாடிக்கையான பஞ்சாயத்து. செட்டிநாட்டின் பெரிய வீடுகளில் பலவும் வருஷம் முழுக்கப் பூட்டித்தான் கிடக்கும். கல்யாணம், முன்னோருக்குச் செய்யும் படைப்பு, கோயில் திருவிழா என்றால் கதவு திறக்கும். வெளியூரில் இருப்பவர்கள் ஊருக்கென்று ஒரு ஜோடியை அலமாரியில் விட்டுப் போவார்கள். அடுத்த விசேஷத்துக்கு வந்து மாட்டிக்கொண்டு படியிறங்குவதற்குள் திண்ணையின் ஆத்தங்குடிக் கல் முழுக்கக் கறுப்புத் துகள். மேல் தோல் மட்டும் புதுசாக மினுங்கும், அதுதான் வயிற்றெரிச்சல்.

காரணம் மிட்சோல். தரையில் படும் ரப்பருக்கும் பாதத்துக்கும் நடுவே இருக்கிற மெத்தை அடுக்கு. பெரும்பாலும் ஈவிஏ (எத்திலீன் வினைல் அசிடேட்) அல்லது பியூ (பாலியூரித்தேன்), இரண்டுமே நுரை மாதிரியான பிளாஸ்டிக். பியூவில் பாலியெஸ்டர் வகைக்குத் தண்ணீர்தான் எமன். மழையில் நனைய வேண்டாம், காற்றின் ஈரமே போதும். அது உள்ளே புகுந்து, பியூவைக் கோத்து வைத்திருக்கும் எஸ்டர் பிணைப்புகளை அறுக்கும். அப்போது உண்டாகும் அமிலம் மிச்சத்தையும் வேகமாக அறுக்கும். சூடு சேர்ந்தால் இன்னும் வேகம். சித்திரை வெயிலிலும் ஐப்பசி மழையிலும் பூட்டியே கிடக்கும் அறையில் வேறென்ன ஆகும்? 1989-ல் வந்த நைக்கி ஷூவான ஏர் ஜோர்டன் 4-ஐப் போடாமல் பொத்திப் பொத்திப் பாதுகாத்த சேகரிப்பாளர்களுக்கே இதே கதிதான்.

ஈவிஏ இப்படி மாவாகாது. அதிலுள்ள நுண்ணிய காற்றுக் குமிழ்கள் நடக்க நடக்க நசுங்கி, பக்கவாட்டில் சுருக்கம் விழும், துள்ளல் போய்விடும். அது போட்டுத் தேய்வது. பியூ வைத்தே கெடுவது.

உங்கள் ஷூவுக்கு வெறும் சொலூஷன் தடவினால் நிற்காது, ஒட்டுகிற பரப்பே உதிர்கிறதே. மேல்பாகம் நன்றாக இருந்தால் பழைய பியூவை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது ரப்பர் சோல் பேஸ்டிங் செய்யச் சொல்லுங்கள். விலை குறைந்த ஷூவுக்கு அந்தச் செலவு தண்டம்.

டப்பாவில் போடும் சிலிக்கா பாக்கெட் கொஞ்ச நாள் ஈரத்தை இழுக்கும், அப்புறம் அதுவும் சும்மா கிடக்கும். ஊர் வீட்டில் விட்டுவைக்க ஒரு ஜோடி வேண்டுமென்றால் ஈவிஏ அல்லது ரப்பர் சோல் கேட்டு வாங்குங்கள். பியூ ஷூவைக் கையோடு எடுத்துப்போய்ப் போட்டுத் தீர்த்துவிடுங்கள்.