கொடைக்கானலை விடுங்கள், சமணர்மலை இருக்கிறது

கேள்வி: மதுரை மாவட்டம் செக்கானூரணி பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஏழு, எட்டாம் வகுப்பில் 32 பிள்ளைகள். பெற்றோர் எல்லோரும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். தனியார் பள்ளிப் பிள்ளைகள் மலையேற்றம், கூடாரம் என்று போவதைப் பார்த்து இவர்களும் கேட்கிறார்கள். நன்கொடையாளர் ஒருவர் 20,000 ரூபாய் தருகிறார். கொடைக்கானலுக்கு ஒருநாள் கூட்டிப்போகலாமா?

பதில்: போகலாம் டீச்சர், ஆனால் பணத்தில் பெரும்பகுதி வண்டி வாடகைக்கே சரியாகிவிடும். விடியுமுன் கிளம்பி, மலைப்பாதை வளைவுகளில் பாதிப் பேர் வாந்தியெடுத்து, ஏரியைச் சுற்றிவிட்டு இருட்டில் திரும்புவார்கள். பிள்ளை தன் காலால் ஏற வேண்டும், கொஞ்சம் பயப்பட வேண்டும், அடுத்த மாதம் வந்து அதே இடத்தைச் சிரித்துக்கொண்டே தாண்ட வேண்டும். அதற்குப் பக்கத்து மலைதான் தோது.

உங்களுக்குக் கீழக்குயில்குடி சமணர்மலை பக்கம்தான். அடிவாரத்தில் அய்யனார் கோயில், ஆலமரம், தாமரைக்குளம். பேச்சிப்பள்ளம் வரை படி இருக்கிறது. அங்கே தீர்த்தங்கரர் என்னும் சமண குருமாரின் சிற்பங்களும், வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்தில் கல்வெட்டுகளும், ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்டவை. அதற்கு மேலே வெறும் பாறைதான். ஏறினால் உச்சியில் தீபத்தூண், பக்கத்தில் கன்னடக் கல்வெட்டு. முதல் தடவை பேச்சிப்பள்ளத்தோடு நிறுத்துங்கள். உச்சியை அடுத்த மாதத்துக்கு வைத்தால் பிள்ளைகள் தாங்களாகவே நாள் எண்ணுவார்கள்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஆறரைக்கு ஏறத் தொடங்கி, பாறை சுடுமுன் ஒன்பதரைக்குள் இறங்கிவிடுங்கள். மழை பெய்த மறுநாள் வேண்டாம், பாசி வழுக்கும்.

இந்தப் பிள்ளைகளுக்குத் தைரியம் குறைச்சல் இல்லை. வயிறும் செருப்பும்தான் காலை வாரும். காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு முடிகிறது, சனிக்கிழமை கூட்டிப்போனால் பள்ளி மதிய உணவும் இருக்காது. வெறும் வயிற்றில் வந்தவன் படியில் மயங்கினால் வெயில் என்று நினைத்துக்கொள்கிறோம். அதனால் அடிவாரத்திலேயே இரண்டு இட்லியாவது சாப்பிட வையுங்கள். மேலே வாழைப்பழம், கடலைமிட்டாய். தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டர். தேய்ந்த ரப்பர் செருப்பு பாறையில் எமன். வெறுங்காலுக்கு அடிவாரத்தில் கருவேல முள். கேன்வாஸ் ஷூவுக்குப் பணம் ஒதுக்குங்கள்.

எட்டுப் பிள்ளைக்கு ஒரு பெரியவர். அதில் ஒருவர் முன்னால், ஒருவர் கடைசியில். கடைசி ஆளைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. மாணவிகளுக்காக ஆசிரியைகள் கட்டாயம். கழிப்பறை எங்கே என்று முந்தின வாரமே போய்ப் பார்த்துவிடுங்கள். அப்படியே பாறை இடுக்குகளில் மலைத்தேனீக் கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

இறங்கும்போது சரிவில் ஒரு பிள்ளை நடுங்கி நின்றுவிடும். கையைப் பிடித்து இழுக்காதீர்கள், இரண்டு பேரும் சேர்ந்து விழுவீர்கள். அவளுக்கு ஒரு படி கீழே நின்று, "குத்துக்கால் போட்டு உட்காரு, வலது காலை இந்தப் பள்ளத்தில் வை, முழுப் பாதமும் படணும்" என்று அடிக்கு அடி சொல்லுங்கள். மற்றவர்கள் சிரிக்காமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் வேலை. கயிறு கட்டி இறங்குவதெல்லாம் பயிற்சி பெற்றவர் இல்லாமல் கூடவே கூடாது.

தலைமையாசிரியர் வழியாகக் கல்வித் துறையின் எழுத்துப்பூர்வ அனுமதியும் பெற்றோர் கையெழுத்தும் வாங்குங்கள். சமணர்மலை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது. பாறையில் பெயர் கிறுக்கக் கூடாது என்று ஏறுமுன்பே சொல்லிவிடுங்கள். அழகர்மலை, சிறுமலைக் காடு என்றால் வனத்துறை அனுமதியில்லாமல் காலடி வைக்காதீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள்; அதன் பிறகுதான் மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்தன.

சமணர்மலை பழகியதும் மேலூர் பக்கம் அரிட்டாபட்டிக்குப் போங்கள். 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். பாறை உச்சியில் வல்லூறு வட்டமிடுவதைப் பார்க்க ஒரு பைனாகுலர் இரவல் கிடைத்தால் போதும். அந்த வட்டாரத்தில் கல்குவாரிக் குட்டைகள் உண்டு. விளிம்பு செங்குத்து, ஆழம் தெரியாது. நீச்சல் தெரிந்தவனையும் இறங்க விடாதீர்கள்.

வண்டிச் செலவு பெரிதாக வராது. மாணவிகளுக்கும் உங்களுக்கும் சாதாரண டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது, பையன்களுக்கு மட்டும்தான் எடுக்க வேண்டும். ஷூக்களைப் பள்ளி பீரோவிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த வருஷம் வருகிறவர்களுக்கும் ஆகும்.