நெடுந்தூர ஓட்டத்துக்கான ஊக்கத்தை எப்படி வளர்ப்பது?

ஓடும் ஆசை இருந்தும் இரண்டு வாரத்தில் சலித்துவிடுகிறது, 21.1 கிலோமீற்றர் அரை மரதனுக்கு எப்படி ஆயத்தமாவது என்று கிளிநொச்சியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

ஊக்கம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நேரத்தையும் இடத்தையும் ஒரு துணையையும் முதலில் உறுதிசெய்யுங்கள். வெயில் ஏறுமுன் குளக்கட்டில் ஒருவர் உங்களுக்காகக் காத்து நிற்கிறார் என்ற எண்ணமே, எந்த அறிவுரையையும் விட வலுவாக உங்களைப் பாயிலிருந்து எழுப்பும். முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி 2023இல், தமது 72ஆவது வயதில், பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் தங்கம் வென்றதை நான் பெருமையுடன் நினைத்துக்கொள்வதுண்டு.

பலர் சலிப்பதற்குக் காரணம் சோம்பல் அன்று, அவசரம் என்பதே என் கருத்து. மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களும் எலும்பும் பழக மாதங்கள் எடுக்கும் என்பதால், உற்சாகத்தில் தூரத்தைக் கூட்டுபவருக்கு முழங்காலோ கணுக்காலோ வலிக்கத் தொடங்கி, ஓட்டமே நின்றுவிடுகிறது. ஆகவே ஒரு நிமிடம் ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, பக்கத்தில் வருபவருடன் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில், வாரம் மூன்று நாட்கள் மட்டும் ஓடுங்கள். பின்னர் ஞாயிறு ஓட்டத்தை மட்டும் சிறிது சிறிதாக நீட்டலாம். தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலத்தில் எதிர்க்காற்றில் புறப்பட்டால் திரும்புவது இலகு.

காட்டோரக் கிராமங்களில் யானை நடமாட்டம் உண்டாதலால், நன்கு விடிந்த பின்னரே புறப்படுங்கள்.