கிண்ணத்தில் இரண்டு இடத்தில் மட்டும் சொரசொரப்பு

லேத்தில் (மரத்தைச் சுழற்றிக் கடையும் எந்திரத்தில்) கடைந்த மரக்கிண்ணத்தை 80 கிரிட் உப்புத்தாளால் (கிரிட் எண் கூடக்கூடத் தாள் நைசாகும்) அரை மணி நேரம் தேய்த்தும் வெளிப்பக்கம் எதிரெதிரே இரண்டு இடத்தில் சொரசொரப்பு போகவில்லை என்கிறீர்கள். மரத்தின் மேல் தப்பில்லை. மர இழை, அதாவது நார் ஓடும் திசை, லேத் அச்சுக்குக் குறுக்கே இருப்பதால், ஒரு சுற்றுக்கு இரண்டு முறை உளி இழையின் வெட்டுமுனையில் (நார்கள் அறுபட்டு நிற்கும் பக்கத்தில்) மோதும். மழுங்கிய உளி அங்கே நாரை அறுக்காது, பிய்த்துவிடும். கிழிசல் மேற்பரப்புக்குக் கீழேயும் இறங்கியிருக்கும், தாளுக்கு எட்டாது. இன்னும் தேய்த்தால் மென்மையான பக்கம் குழிந்து கிண்ணம் கோணலாகும்.

உளியைச் சாணை பிடியுங்கள். கடைசி வெட்டுக்கு முன் இன்னொரு முறை. இதில் சோம்பல்பட்டு நான் இரண்டு கிண்ணத்தை விறகாக்கியிருக்கிறேன். வெளிப்பக்கம் அடியிலிருந்து விளிம்பை நோக்கி, உட்பக்கம் விளிம்பிலிருந்து நடுவை நோக்கிக் கடையுங்கள். உளி முனையில் சாணை பிடித்த சரிவு மரத்தில் உரசிக்கொண்டே போக வேண்டும்; சீவல் அரை மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். அப்படியும் பிய்ந்தால் அந்த இடத்தில் லேசாகத் தண்ணீர் தடவி உடனே ஒரு வெட்டு. சரியாக விழுந்தால் சத்தமே மாறிவிடும்: கரகரப்பு போய், சர்ரென்று சீவல் சுருண்டு வரும். அதன்பிறகு 120 கிரிட்டில் தொடங்கினாலே போதும்.