வெறும் விளையாட்டுக்கு எதற்குப் பணம் என்கிறவர்களுக்கு

"ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு விளையாட்டுச் சிகிச்சையாம். வீட்டில் விளையாடாத விளையாட்டா? இதற்குப் பணம் கட்டவேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். என் மாமனார், நாத்தனார், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் வரை எல்லாரும் கேட்ட கேள்விதான். பதில் கொஞ்சம் சூடாகவே வரும். உங்கள் பிள்ளைக்கு மூன்று நான்கு வயதிருக்கும், பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை, மற்றப் பிள்ளைகள் பக்கமே போவதில்லை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எங்களுக்குக் கொடைக்கானலைத் தாண்டிப் பூம்பாறை. பூண்டு விவசாயம். காயப்போட்ட பூண்டை என் மகன் ஒவ்வொன்றாக எடுத்துத் திண்ணை நீளத்துக்கு வரிசை வைப்பான். ஒன்றை நகர்த்தினாலும் அலறுவான். வடுகபட்டிச் சந்தைக்குப் போகவேண்டிய சரக்கு என்று மாமனார் வாரிக்கொண்டு போவார். அன்று முழுவதும் வீடு ரணகளம்தான்.

மலைக்குக் கீழே நாங்கள் பார்த்த தெரபிஸ்டின் அறையில் மரக்கட்டைகளை அதேபோல் அடுக்கினான். அவர் தடுக்கவில்லை. தரையில் உட்கார்ந்து, பக்கத்தில் தானும் ஒரு வரிசை வைத்தார். "என்னைப் பார்" என்று முகத்தைப் பிடித்துத் திருப்பவில்லை. பிறகு கட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கொடுத்தார். திடீரென ஒன்றைக் கொடுக்காமல் நிறுத்தினார். அவன் அவர் கையைப் பார்த்தான், பிறகு முகத்தைப் பார்த்தான். உடனே கொடுத்துவிட்டார். பொருளையும் அதை வைத்திருக்கும் ஆளையும் சேர்த்துக் கவனிக்கும் இந்தக் கூட்டுக் கவனத்திலிருந்துதான் பேச்சும் மற்றவர்களோடு பழகுவதும் வளரும் என்றார். அமெரிக்க மனநல மருத்துவர் ஸ்டான்லி கிரீன்ஸ்பான் உருவாக்கிய 'ஃப்ளோர்டைம்' முறையில் இது முக்கியமான உத்தி: குழந்தை போகும் வழியிலேயே போய், அங்கே சிறு தடையை வைத்து, அவனாகவே நம்மைத் தேடச் செய்வது.

வீட்டில் பூண்டை வைத்து அதையே தொடர்ந்தேன். அவனுக்கென்று ஒரு கூடை ஒதுக்கி, அடுத்த வீட்டுச் சிறுமியிடம் கொடுத்தேன். முதலில் அவளிடம் கையை மட்டும் நீட்டினான். பல மாதங்கள் கழித்து "தா" என்றான். இப்போது அவள் வராத நாளில் கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டு வாசலில் போய் நிற்கிறான். கண்ணாமூச்சிக்கு இன்னும் வருவதில்லை. வந்தே ஆகவேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

பேச்சுப் பயிற்சி வேண்டாம் என்று நான் சொன்னதாக யாரும் சண்டைக்கு வராதீர்கள். அதற்கும்தான் போகிறோம். ஆட்டிசத்தையே போக்கிவிடுவேன் என்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். தாய் கொஞ்சாததால்தான் பிள்ளை இப்படி என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: 1950, 60களில் மருத்துவர்களே அப்படிச் சொன்னார்கள். அது தவறென்று கைவிடப்பட்டு எவ்வளவோ காலமாகிறது. என் நாத்தனாருக்குத்தான் செய்தி வந்து சேரவில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 2024 மே மாதம் முதல் கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் (இணையத்தில் பதிந்து வாங்கும் அனுமதி) கட்டாயம். ஆனாலும் விடுமுறை நாளில் எங்கள் பஸ் நகர முடிவதில்லை. பின்னால் நிற்கும் சுற்றுலா வண்டிகள் விடாமல் ஹாரன் அடிக்க, என் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு இருக்கைக்கு அடியில் போய்விடுகிறான். மலைக்கு வருகிறவர்கள் தயவுசெய்து ஹாரனை விடுங்கள்.

பணம் கட்டும் முன் தெரபிஸ்டிடம் ஒன்று கேளுங்கள்: அம்மாவையோ அப்பாவையோ கூடவே உட்காரவைத்துக் கற்றுத்தருவாரா? வெளியே காத்திருக்கத்தான் சொல்வார் என்றால், எங்களைப் போல் மலையிலிருந்து எப்போதாவது இறங்கி வருகிறவர்களுக்கு அந்த இடம் சரிவராது. மற்ற நாளெல்லாம் தரையில் உட்காரப்போவது நாம்தானே.