பதில்: தம்பி ராத்திரி முழுக்க ‘இன்செல்’ குழுவில் கிடக்கிறான்

அண்ணே, ‘என் தாடை சரியில்லை, எந்தப் பெண்ணும் திரும்பிப் பார்க்க மாட்டாள்’ என்று தம்பி புலம்புவதாக எழுதியிருந்தீர்கள், அது அவன் சொந்தப் பேச்சு இல்லை, அந்தக் குழுக்களில் மனப்பாடம் ஆவது. ‘இன்செல்’ என்றால் விரும்பியும் துணை கிடைக்காதவர். அதுவே 1997-இல் கனடாவில் ஒரு மாணவி, தனிமையில் தவிக்கும் ஆண் பெண் எல்லோருக்குமாகத் தொடங்கிய தளத்திலிருந்து வந்த பெயர். பெண் வெறுப்பு அப்புறம் வந்து ஒட்டியது. 2017-இல் ரெட்டிட் என்ற இணைய விவாதத் தளம் அந்தப் பெயரில் இருந்த குழுவையே மூடியது. இதைப் பேச்சுவாக்கில் சொல்லுங்கள்.

ஃபோனை மட்டும் பிடுங்காதீர்கள். அக்கா மகனிடம் பிடுங்கினேன், ஒரு மாதம் முகம் கொடுக்கவில்லை. நானும் உங்களைப் போலத் தென்காசிப் பக்கத்துப் புளியரைக்காரன்தான்: ஞாயிற்றுக்கிழமை பைக்கில் கேரள எல்லை தாண்டி ஆரியங்காவு வரை கூட்டிப்போய் ஒரு கட்டன் சாயா வாங்கிக்கொடுங்கள், பின்னால் உட்கார்ந்து வரும்போதுதான் இவர்கள் வாய் திறப்பார்கள். சாவைப் பற்றிப் பேசினால் தள்ளிப்போடாமல் 14416-ஐக் கூப்பிடுங்கள், அது டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், தமிழிலேயே பேசலாம்.