வெதுவெதுப்பான நீரில் உடற்பயிற்சி: நாள்பட்ட வலி உள்ளவர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்விகள் நிறைய சேர்ந்துவிட்டன. நீருக்குள் செய்யும் பயிற்சி பற்றி எது கேட்டாலும் எழுதுகிறேன். மாத்திரையின் அளவைக் கூட்டலாமா குறைக்கலாமா, ஊசி போடலாமா என்பதெல்லாம் உங்களைப் பார்க்கும் மருத்துவர் சொல்ல வேண்டியவை. காய்ச்சல், ஆறாத புண், தோல் தொற்று, வயிற்றுப்போக்கு, கட்டுக்குள் வராத வலிப்பு, இதயச் செயலிழப்பு, அசையாமல் இருக்கும்போதே நெஞ்சுவலி: இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவர் சரி என்று சொல்லும்வரை குளத்தில் இறங்க வேண்டாம்.

கேள்வி: தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும்?

33 முதல் 35 டிகிரி செல்சியஸ். தோலின் சூடும் ஏறக்குறைய அதுதான் என்பதால் உடம்பு சூட்டை இழப்பதும் இல்லை, ஏற்றிக்கொள்வதும் இல்லை. போட்டி நீச்சல் குளங்களில் 25 முதல் 28 வரை வைத்திருப்பார்கள். வேகமாக நீந்துபவருக்கு அது போதும். மெதுவாகக் காலை அசைப்பவருக்குக் கொஞ்ச நேரத்திலேயே உடம்பு குளிர்ந்து தசை இறுகிவிடும். நீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்துவதுதான் காரணம். கையை விட்டுப் பார்த்துக் கணிக்காதீர்கள். மிதக்கும் வெப்பமானி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, அம்மாவுக்கு 62 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். மருத்துவர் நீரில் பயிற்சி செய்யச் சொல்லிவிட்டார். முதல் நாள் என்ன செய்ய வைப்பது? விரிவாகச் சொல்லுங்கள்.

முதலில் ஆழம். தொப்புள் வரை நீர் இருந்தால் காலில் இறங்கும் எடை பாதியாகிவிடும். நெஞ்சுக்குழி வரை நின்றால் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். கழுத்துவரை என்றால் பத்தில் ஒரு பங்கு. அம்மா 60 கிலோ என்றால், நெஞ்சுக்குழி ஆழத்தில் அவர் முழங்கால்கள் தாங்குவது சுமார் 20 கிலோ. முதல் சில வாரங்களுக்கு இந்த ஆழமே போதும்.

கைப்பிடிக் கம்பியைப் பிடித்துப் படிப்படியாக இறங்கட்டும். இறங்கும்போது வலி அதிகமுள்ள கால் முன்னால், ஏறும்போது வலி குறைந்த கால் முன்னால். உள்ளே போனதும் இரண்டு நிமிடம் சும்மா நின்று மூச்சைக் கவனிக்கட்டும். நீர் நெஞ்சை அழுத்துவதால் மூச்சு இழுக்கக் கொஞ்சம் கனமாக இருக்கும். பயப்பட வேண்டாம், ஆனால் மூச்சை அடக்கக் கூடாது.

பிறகு மூன்று நிமிட நடை. முன்னால், பின்னால், பக்கவாட்டில். இங்கேதான் எல்லாரும் தவறுவார்கள். நீர் மேலே தூக்குவதால் தெரியாமலேயே நுனிக்காலில் நடக்க ஆரம்பித்துவிடுவார்கள், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். குதிகால் முதலில் தரையைத் தொட வேண்டும், பிறகு பாதம், கடைசியில் விரல். முன்னால் சாய்ந்து தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகக் கூடாது; தோளும் இடுப்பும் ஒரே கோட்டில் இருக்கட்டும்.

அடுத்து சுவரில் முதுகு சாய்த்து, முழங்காலை நீட்டியபடி ஒரு காலை முன்னால் உயர்த்தி இறக்குவது, எட்டு முறை. மேலே வரும்போது காலைத் தண்ணீரே தூக்கிக் கொடுத்துவிடும். மிதப்பை எதிர்த்துக் கீழே அழுத்தி இறக்கும்போதுதான் தசைக்கு வேலை. அதனால் இறக்குவதை நிதானமாக, மூன்று எண்ணிச் செய்ய வேண்டும். அப்படியே பக்கவாட்டில் எட்டு. சுவரைப் பார்த்துத் திரும்பிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைப் பின்புறம் மடக்குவது எட்டு, குதிகால் உயர்த்துவது எட்டு. கடைசியில் பாதி மட்டும் உட்கார்ந்து எழுவது ஐந்து. முழங்கால் 45 டிகிரிக்கு மேல் மடங்க வேண்டாம்.

மொத்தம் 12 நிமிடம். "நன்றாக இருக்கிறதே, இன்னும் கொஞ்சம்" என்று அம்மா கேட்பார். கொடுக்காதீர்கள். நீருக்குள் வலி அவ்வளவாகத் தெரியாது. எவ்வளவு செய்தோம் என்று உடம்பு மறுநாள்தான் சொல்லும்.

ஏறுவதற்கு முன் இடுப்பளவு நீரில் படியில் இரண்டு மூன்று நிமிடம் உட்காரட்டும். கழுத்துவரை நீரில் இருக்கும்போது சுமார் 700 மில்லி ரத்தம் கால்களிலிருந்து நெஞ்சுப் பக்கம் ஏறியிருக்கும். வெளியே வந்தவுடன் அது மறுபடி கீழே இறங்கும். சடாரென்று எழுந்தால் தலை சுற்றும், ஈரத் தரையில் விழுவது அப்போதுதான்.

கேள்வி: எனக்கு நீச்சல் தெரியாது. செய்யலாமா?

தாராளமாக. இதில் நீந்தவே வேண்டியதில்லை. ஒரே நிபந்தனை, தனியாக இறங்கக் கூடாது.

கேள்வி: எனக்கு ஃபைப்ரோமயால்ஜியா (உடம்பு முழுக்க நாள்பட்ட தசை வலி). முதல் நாளே ஒரு மணி நேரம் செய்தேன், சொர்க்கம். அடுத்த இரண்டு நாள் படுக்கையைவிட்டு எழ முடியவில்லை. இது எனக்கு ஒத்துவராதா?

ஒத்துவரும். அளவுதான் தப்பு. வெதுவெதுப்பும் நீரின் அழுத்தமும் தோலில் இடைவிடாமல் உணர்வை உண்டாக்குகின்றன. அது வலிச் சமிக்ஞையை அமுக்கிவிடும். 1965-ல் மெல்சாக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சொன்ன 'வலிக் கதவு' விளக்கம் இதுதான். கதவு மூடியிருக்கும்போது தசை எவ்வளவு உழைத்தது என்று தெரியாமல் போகும். உங்கள் நரம்பு மண்டலம் ஏற்கெனவே கூச்சமாக இருப்பதால் மறுநாள் பில் பெரிதாக வருகிறது.

எட்டு நிமிடத்தில் மறுபடி ஆரம்பியுங்கள், வாரம் இரண்டு நாள், நடுவில் குறைந்தது இரண்டு நாள் இடைவெளி. பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து வலி முன்பு இருந்ததைவிட அதிகமாக இருந்தால் அன்று செய்தது அதிகம். அடுத்த முறை மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். உங்களுக்கு மறுநாள் காலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். இரண்டு வாரம் தொந்தரவு இல்லாமல் போனால் இரண்டு நிமிடம் கூட்டலாம். நன்றாக இருக்கும் நாளில் கூடுதலாகவும், மோசமான நாளில் ஒன்றும் செய்யாமலும் இருப்பதுதான் பெரும்பாலோரைக் கவிழ்க்கிறது. நல்ல நாளிலும் குறித்த அளவோடு நிறுத்துங்கள்.

கேள்வி: வாரத்துக்கு எத்தனை நாள்?

இரண்டு அல்லது மூன்று. எட்டு முதல் பன்னிரண்டு வாரம் செய்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: 34 டிகிரியில் எனக்கு ஒரு பலனும் தெரியவில்லை. 40 டிகிரி தொட்டியில் அரை மணி நேரம் உட்கார்ந்து கைகால் அசைக்கிறேன். வலி பறந்துவிடுகிறது. சூடுதான் மருந்து, பயிற்சி சும்மா என்று நினைக்கிறேன்.

சூடு வலியைக் குறைக்கும், அதில் சண்டையே இல்லை. அரை மணி நேரம் 40-ல் அசைவதுதான் பிரச்சினை. தரையில் வியர்வை ஆவியாகி உடம்பைக் குளிர்விக்கும். நீருக்கடியில் வியர்வை ஆவியாகாது. தசை உண்டாக்கும் சூடும் வெளியேறாது. தோலுக்கும் தசைக்கும் ஒரே நேரத்தில் ரத்தம் அனுப்ப இதயம் திணறும். ரத்தக் குழாய்கள் விரிந்திருக்கும் நிலையில் எழுந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று விழும். 40-ல் உட்காருவதானால் பத்து நிமிடம், அசையாமல். பயிற்சி செய்வதானால் 34. இரண்டையும் கலக்காதீர்கள்.

கேள்வி (இன்னொருவர்): அவர் சொல்வது சரிதான். காலங்காலமாக வெந்நீர் ஊற்றுகளில் குளித்துத்தானே மக்கள் மூட்டுவலியைத் தணித்துக்கொண்டார்கள்?

தணித்துக்கொண்டார்கள். குளித்தார்கள், பயிற்சி செய்யவில்லை. சூட்டின் நிம்மதி சில மணி நேரம் நிற்கும். தொடைத் தசைக்கு வலு ஏறினால் அது முழங்காலின் சுமையை நாள் முழுக்க வாங்கிக்கொள்ளும். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று ஆகாது.

கேள்வி (40 டிகிரிக்காரரே): ஆனால் நீரில்தான் எடையே இல்லையே. அப்புறம் எங்கே வலு ஏறும்?

நல்ல கேள்வி. எடை குறைகிறது, எதிர்ப்பு குறையவில்லை. நீரின் இழுப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். கையை இரண்டு மடங்கு வேகமாக வீசினால் எதிர்ப்பு நான்கு மடங்கு. இப்போதே செய்து பார்க்கலாம்: விரல்களைச் சேர்த்து உள்ளங்கையால் மெதுவாகத் தண்ணீரைத் தள்ளுங்கள், பிறகு அதையே வேகமாக. பிறகு கையைக் கத்திபோலத் திருப்பி வெட்டுங்கள். மூன்றும் மூன்று எடை. வேகத்தையும் கையின் பரப்பையும் மாற்றி நீங்களே எடையைக் கூட்டிக் குறைக்கலாம், வலித்த நொடியில் நிறுத்தினால் எதிர்ப்பும் அந்த நொடியே நின்றுவிடும். இரும்பு டம்பெல்லில் அது நடக்காது.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்றும் கேட்பீர்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2016-ல் வெளியிட்ட தொகுப்பு, முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானம் உள்ள 1,190 பேரை வைத்து நடந்த 13 ஆய்வுகளைப் பார்த்தது. வலியிலும் அன்றாட நடமாட்டத்திலும் சிறிய முன்னேற்றம், அதுவும் குறுகிய காலத்துக்கு. ஃபைப்ரோமயால்ஜியா பற்றிய அவர்களின் 2014 தொகுப்பில் தசை வலிமையில் தரைப் பயிற்சிதான் முந்தியது. அற்புதம் என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். தரையில் நடக்கவே முடியாதவர் ஆரம்பிக்க ஓர் இடம் இது, அந்த வகையில் இதற்கு ஈடு கிடையாது.

கேள்வி: நானும் சூட்டுக் கட்சிதான். ஃபென்டனில் பேட்ச் (கடும் வலிக்கான மருந்து, தோலில் ஒட்டுவது) ஒட்டியிருக்கிறேன். சுடுதண்ணீர்த் தொட்டி சரிதானே?

இல்லை. தயவுசெய்து இறங்காதீர்கள். வெளிச்சூடு பட்டால் பேட்சிலிருந்து மருந்து வேகமாக ரத்தத்தில் ஏறி மூச்சே அடங்கிவிடலாம். மற்றவர்களும் கவனியுங்கள்: இது உயிர் போகும் விஷயம், கட்சி விஷயம் இல்லை. மிதமான குளமானாலும் மருத்துவரைக் கேட்டுவிட்டே இறங்குங்கள். இன்சுலின் போடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: சூட்டில் இன்சுலின் சீக்கிரம் உறிஞ்சப்படும், பயிற்சியும் சேர்ந்தால் சர்க்கரை இறங்கிவிடும். சூட்டு விவாதத்தை இத்தோடு முடித்துக்கொள்வோம்.

கேள்வி: எத்தனை டிகிரி இருக்க வேண்டும்?

முதல் பதில்.

கேள்வி: மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (மூளை, தண்டுவட நரம்புகளின் உறை சிதையும் நோய்) உள்ளவருக்கும் அதே சூடா?

இல்லை, கேட்டது நல்லது. 27 முதல் 29 வரை. உடம்பின் சூடு கொஞ்சம் ஏறினாலே பார்வை மங்கும், கால் தளரும். உழைப்புக்குப் பின் இவர்களுக்குப் பார்வை மங்குவதை 1890-லேயே ஊட்ஹோஃப் என்ற கண் மருத்துவர் கவனித்து எழுதினார். குளிர்ந்தால் சரியாகிவிடும். ஆனால் குளத்தின் நடுவில் கால் தளர்ந்தால் ஆபத்து.

கேள்வி: சர்க்கரையால் பாதம் மரத்துப்போயிருக்கிறது. குளத்தின் தரை சொரசொரப்பு.

ரப்பர் அடியுள்ள நீர்க்காலணி இல்லாமல் இறங்காதீர்கள். வெளியே வந்ததும் விரல் இடுக்குவரை துடைத்து, கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். சிராய்ப்பு இருந்தால் ஆறும்வரை குளம் வேண்டாம்.

கேள்வி: வீட்டுக் குளியல் தொட்டியில் செய்யலாமா?

கை விரல், மணிக்கட்டு, கணுக்கால் அசைவுகளுக்குச் சரி. முழங்காலுக்கும் இடுப்புக்கும் ஆழம் போதாது.

கேள்வி: கீழ்முதுகு வலி. மிதவைப் பட்டை கட்டி ஆழத்தில் தொங்கினால் முதுகெலும்பு இழுபடும் என்கிறார்கள். எனக்கு வலி கூடியது.

பட்டையின் தடித்த பகுதியை எங்கே வைத்தீர்கள் என்று பாருங்கள். வயிற்றுப் பக்கம் இருந்தால் இடுப்பை முன்னால் தள்ளி முதுகை வில்லாக வளைத்துவிடும். அக்குளுக்கடியில் நுரைக் குழாயை வைத்தால் தோள் காதுவரை ஏறி, கழுத்துப் பிடித்துக்கொள்ளும். குழாயை சைக்கிள் இருக்கைபோல் கால்களுக்கிடையே வைத்து உட்காருங்கள், இரு முனையும் மேலே வரட்டும். அடிவயிற்றை லேசாக உள்ளிழுத்து மெதுவாக மிதியுங்கள், இரண்டு நிமிடம் போதும். கணுக்காலில் மட்டும் மிதவை கட்டாதீர்கள். கால் மேலே போய்த் தலை கீழே போகும். வலி காலுக்கு இறங்கினால், மரத்தால் உடனே நிறுத்துங்கள். சிறுநீர் கழிப்பதில் தடை, அந்தரங்கப் பகுதியில் மரப்பு வந்தால் அன்றே மருத்துவமனை.

கேள்வி: குளத்தில் குளோரின் நாற்றம் தூக்கலாக இருக்கிறது. சுத்தமாக இருக்கிறது என்றுதானே பொருள்?

நேர்மாறு. அது குளோராமைன், வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்து உண்டாவது. வெதுவெதுப்பான குளத்தில் குளோரின் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் அடிக்கடி சோதிக்க வேண்டும். தனிக் குளோரின் (வேறு எதோடும் சேராமல் மிஞ்சியிருப்பது) குறைந்தது 1 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 1 மில்லிகிராம்; அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 7.2 முதல் 7.8. அளவுப் பலகை எங்கே என்று கேளுங்கள். நீங்களும் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு இறங்குங்கள்.

கேள்வி: வாரத்துக்கு எத்தனை நாள், எத்தனை டிகிரி, முதல் நாள் எவ்வளவு நேரம்?

மூன்றுக்கும் மேலே பதில் இருக்கிறது. முதல் நாள் 12 நிமிடத்தைத் தாண்டாதீர்கள்.

கேள்வி: மூன்று மாதமாகச் செய்கிறேன், நல்ல முன்னேற்றம். எப்போது தரைக்கு வருவது?

இடுப்பளவு நீரில் 20 நிமிடம் நடந்து, மறுநாள் வலி கூடாமல் இரண்டு வாரம் போயிருந்தால் இப்போதே. ஒரேயடியாகக் குளத்தை விடாதீர்கள். வாரத்தில் மூன்று நாள் குளம் என்றால் ஒரு நாளைத் தரைக்கு மாற்றுங்கள். அன்று கைப்பிடி உள்ள நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது எட்டு முறை, சமதரையில் பத்து நிமிட நடை. தரையில் முழு எடையும் காலில் இறங்கும் என்பதால் குளத்தில் செய்த நேரத்தில் பாதிதான் செய்ய வேண்டும். மூன்று வாரம் கழித்து இன்னொரு நாளை மாற்றலாம். வலி முற்றிய வாரத்தில் மட்டும் மறுபடி நெஞ்சுக்குழி ஆழத்துக்குப் போய்விடுங்கள்.